டப்பா ஏரோப்ளேன்

இங்க எழுதி ரொம்ப நாளாச்சு. நடுவுல ரெண்டு மூணு பேர் "என்னய்யா, உயிரோடதான் இருக்கீரா?"ன்னு தனிமடல்ல விசாரிச்சிருந்தீங்க. இருக்கேன். விஷயம் இல்லாம இல்லை. ஒரே ஒரு விஷயம் எழுத வராம வாசல்லயே அடைச்சுக்கிட்டு நின்னதால அதுக்குப் பின்னாடி இருந்ததும் வெளிய வரலை. இன்னிக்கு அதை எழுதித் தீர்த்துடலாம்னு உக்காந்திருக்கேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபியோட வாங்க.

எங்க வீட்டு ஹால்ல, டிவிக்கு மேல, ஒரு கண்ணாடி அலமாரி இருக்கு. மத்தவங்க வீட்ல அந்த இடத்துல கொலு பொம்மையோ, பையன் வாங்கின கோப்பையோ இருக்கும். எங்க வீட்ல 23 தகர விமானம் இருக்கு. தங்கமணி அதுக்கு வச்ச பேரு "டப்பா ஏரோப்ளேன்". கல்யாணமான புதுசுல அலமாரியில அஞ்சுதான் இருந்தது. "இதையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டா பேரீச்சம்பழமாவது கிடைக்கும்"னு மாமியார் சொன்னது இன்னும் காதுல இருக்கு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், மன்னிக்கவும். நான் பொறந்து வளர்ந்தது சேலையூர். தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் பக்கத்துல. அங்கதான் 1954-லேர்ந்து விமானம் ஓட்டக் கத்துக்கொடுக்கற வாத்தியார்களுக்கான பள்ளிக்கூடம் இருக்கு. கவனிங்க, ஓட்டறதுக்கு இல்லை, ஓட்டச் சொல்லிக்கொடுக்கறதுக்கு. நான் சின்னப்பையனா இருந்தப்ப எங்க மொட்டைமாடிக்கு மேல வட்டம் போட்டதெல்லாம் கிரண். எச்ஏஎல் பெங்களூருல செஞ்ச ஜெட், 1964-ல முதல் தடவை பறந்தது. அதுல வாத்தியாரும் பையனும் முன்னும் பின்னுமா உக்கார மாட்டாங்க, பக்கத்துப் பக்கத்துல உக்காருவாங்க. டுடோரியல்ல ஒரே பெஞ்சுல உக்கார வச்ச மாதிரி. காலையில வடாம் பிழியறப்ப அம்மா தலையைத் தூக்காமலேயே "முதல் ப்ளேன் போயிடுச்சு, குளிக்கப் போ"ம்பாங்க. எங்க தெருவுக்கு அதுதான் சங்கு.

1982-ல அப்பா மூர் மார்க்கெட்லேர்ந்து ஒரு தகர விமானம் வாங்கிட்டு வந்தார். சாவி கொடுத்தா தரையில ஓடும், பறக்காது. வயித்துப் பக்கம் திருப்பிப் பார்த்தா உள்ளே மஞ்சள்ல ஒரு பனைமரத்துல பாதி தெரியும். டால்டா டப்பா! அதைப் பார்த்துட்டு ஏமாந்துபோவேன்னு அப்பா நினைச்சிருப்பார். எனக்கோ தலைகால் புரியலை. சமையல்கட்டுல கிடக்கற டப்பா விமானம் ஆகுதுன்னா, மத்த டப்பாக்களும் ஆகலாமே? 1985 மே மாசக் கடைசியில மூர் மார்க்கெட் எரிஞ்சுது. எங்க வீட்டு விமானம் அதுக்கு முன்னாடியே என் தம்பி கையில சாவி சுருள் அறுந்து செத்துப்போச்சு.

தகர பொம்மை சேக்கறவங்க உலகம் ஒண்ணு இருக்கு. அவங்ககிட்ட கேட்டா ஜெர்மனியில நியூரம்பர்க்கைச் சொல்லுவாங்க, அப்புறம் போருக்குப் பிந்தைய ஜப்பானைச் சொல்லுவாங்க. ஜப்பான் கதை எனக்குப் பிடிச்ச கதை. 1945 டிசம்பர். நாடே சாம்பலாக் கிடக்கு. கொசுகே மட்சுஸோன்னு ஒரு பொம்மைக்காரர், அமெரிக்க சிப்பாய்ங்க தின்னுட்டுத் தூக்கிப்போட்ட டப்பாக்களைப் பொறுக்கி, தெருவுல ஓடின அதே சிப்பாய்ங்களோட ஜீப்பை பொம்மையா செஞ்சு கியோட்டோவுல வித்தார். ஜனங்க வரிசையில நின்னு வாங்கினாங்களாம். அடுத்த சில வருஷத்துல 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரிக்கப்பட்டது'ன்னு அடியில முத்திரை குத்தின தகர பொம்மைகள் உலகம் பூரா போச்சு. இன்னிக்கு அந்த முத்திரைக்கே தனி விலை.

ஆனா இதெல்லாம் அச்சுல அடிச்சு வர்ற சாமான். தகட்டுல முதல்லயே கலர் அச்சடிச்சு, பிரஸ்ல வெட்டி, நாக்கை ஓட்டைக்குள்ள விட்டு மடக்கறது. கையால வெட்டி, கையால மடிச்சு, பத்து வச்ச விமானம் அந்த உலகத்துல யாரும் மதிக்காத சாதி. எனக்கு அதுமேலதான் கிறுக்கு.

கையால விமானம் செய்யறதுன்னு பேச்சு வந்தா எங்க பக்கத்துக்காரங்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மவுண்ட் ரோட்ல ஓட்டல் நடத்தின ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், தானே ஒரு விமானத்தை வடிவமைச்சு, சிம்சன் கம்பெனியில, அதாங்க குதிரை வண்டி கட்டிக்கிட்டிருந்த சிம்சன்ல, செஞ்சு வாங்கினார். அதை ஓட்டிப் பாத்த இடம் பல்லாவரம். வருஷம் 1910. அப்புறம் தீவுத்திடல்ல டிக்கெட் போட்டுப் பறந்து காமிச்சார். ஓட்டல்காரர் இல்லையா, எதையும் சும்மா பரிமாற மாட்டார். :-)

அதே பல்லாவரத்துலதான் என் சேகரிப்புல பாதி கிடைச்சுது. வெள்ளிக்கிழமை சந்தை, பழைய டிரங்க் ரோடு. செடி, கோழி, மீன் தொட்டி, உடைஞ்ச மிக்ஸி, யாரோ ஒருத்தர் தாத்தாவோட பல்செட்டுன்னு எல்லாம் கிடைக்கும். 2009-ல அங்க ஒரு ஜப்பான் தகர விமானம் 350 ரூபாய்க்கு எடுத்தேன். ஒரு சக்கரம் கிடையாது, மூக்குல துரு. விக்கறவர் "சாமி, பெயிண்ட் அடிச்சா புதுசு"ன்னார். அடிக்கவே கூடாது. பழைய தகரத்துல அச்சுக் கலர்தான் உயிர். பெயிண்ட் அடிச்சா பாட்டிக்கு ஃபேர் அண்ட் லவ்லி போட்ட கதை.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

2004-னு நினைக்கறேன். பித்தளைக் குடம் ஒண்ணு ஒழுகுதுன்னு மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டுல ஒரு தகரக்கடைக்கு எடுத்துட்டுப் போனேன். ஆறடிக்கு எட்டடி கடை. வாசல்ல புனல், தகர முறம், உண்டியல், பால் அளக்கற உழக்கு எல்லாம் கயித்துல கட்டித் தொங்குது. பக்கெட்டுக்கு அடி மாத்துவார், குடத்துக்குப் பத்து வைப்பார், சொன்னா டிரங்க் பெட்டி செய்வார். எல்லாத்துக்கும் மேல, கூரை முனையில ஒரு கம்பியில ஒரு விமானம் காத்துல சுத்திக்கிட்டிருந்தது. ரெக்கையில "சுத்தமான கடலை எண்ணெய்"ல "கடலை" மட்டும் தெரியுது.

"பாய், அது விக்கவா?"

"பேரனுக்குச் செஞ்சது தம்பி. அவன் வெளாட மாட்டேங்குறான். ரிமோட் இல்லியாம்."

நாப்பது ரூபா கொடுத்து வாங்கினேன். அதுக்கப்புறம் பன்னெண்டு வருஷம் அந்தக் கடைக்குப் போனேன். பாய் எனக்கு மொத்தம் 11 விமானம் செஞ்சு கொடுத்தார். கிரண் ஒண்ணு. பழைய ஹார்வர்ட் ஒண்ணு. ஃப்ளையிங் கிளப்புக்காரங்க ஓட்டின புஷ்பக் ஒண்ணு. ஒரு சேத்தக் ஹெலிகாப்டர். 1932 அக்டோபர்ல கராச்சியிலேர்ந்து பம்பாய் வரைக்கும் ஜே.ஆர்.டி. டாட்டாவும், அங்கேர்ந்து பெல்லாரி வழியா மெட்ராஸுக்கு நெவில் வின்சென்ட்டும் தபால் கொண்டுவந்த புஸ் மாத் ஒண்ணு. அதுக்கு உள்ளே தபால் பை வைக்கணும்னு பாய் பிடிவாதம் பிடிச்சு, துவரம்பருப்பு சைஸ்ல தகரத்துலயே ரெண்டு மூட்டை செஞ்சு போட்டார். ஆட்டினா கலகலங்கும்.

அவர் வேலை செய்யறதைப் பாக்கறதுக்கே போவேன். 15 கிலோ எண்ணெய் டின்னை வாய் வெட்டி, அடி வெட்டி, பிரிச்சு, மரக்கட்டையால தட்டி நிமுத்துவார். தகரம்னு நாம சொல்றது உண்மையில மெல்லிசு இரும்புத் தகடுதான், மேல வெள்ளீயம் பூசியிருக்கும். வீட்டுப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசறோமே, அதே ஈயம். பூச்சு இருக்கற வரைக்கும் துரு வராது. வெட்டின ஓரத்துல பூச்சு இருக்காது, துரு அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும். அதனால எந்த ஓரத்தையும் திறந்து விடமாட்டார். ஒண்ணு உள்ளே கம்பி வச்சு சுருட்டுவார், இல்லன்னா ரெண்டு ஓரத்தையும் கொக்கி மாதிரி மாட்டி மடிச்சு அடிச்சுடுவார்.

விமானத்துல கஷ்டமே மூக்குதான். தகடு ஒரு பக்கமா வளையும், ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் வளையாது. புனல் ஆகும், உருண்டை ஆகாது. வேணும்னா ஒரு பேப்பரை வச்சு எலுமிச்சம்பழத்தை மூடிப் பாருங்க, சுருக்கம் விழும். கிரண் மூக்குக்கு பாய் வாழைப்பூ மடல் மாதிரி எட்டு மடல் வெட்டி, ஒவ்வொண்ணா குவிச்சு, சந்துல பத்து வச்சு, அரம் போட்டுத் தேச்சார். ரெண்டு நாள் வேலை. கூலி எவ்வளவுன்னு கேட்டா "ஒரு பக்கெட் அடி என்ன ஆவுது? அத்தக் குடு". ஒரு பக்கெட் அடி அப்ப 60 ரூபா. சண்டை போட்டுத்தான் கூடக் கொடுக்க முடியும்.

கரி அடுப்புல செம்பு மூக்கு வச்ச இரும்பு கனன்னுக்கிட்டிருக்கும். எடுத்து நவச்சாரத்துல ஒரு தேய், புகை குப்புன்னு கிளம்பும், ஈயக் கம்பியில ஒரு தொடு. வெள்ளியா ஒரு சொட்டு ஓடிப் போய் சந்துல உக்காரும். அந்த வாசனை சட்டையில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வரும். "கடைக்குப் போயிட்டு வந்தியா?"ன்னு தங்கமணி கேட்கற தொனியில, டாஸ்மாக்குக்குப் போயிட்டு வந்திருந்தாக் கூட தேவலாம் போல இருக்கும்.

2015 டிசம்பர் முதல் வாரம் முடிச்சூர், வரதராஜபுரம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். அடையாறு ஊருக்குள்ள வந்துது. பாய் கடையில கூரைக்கு ஒரு முழம் கீழ வரைக்கும் தண்ணி நின்ன கோடு. காலண்டர் அட்டையில வெட்டி வச்சிருந்த என் விமான அச்சுகள் அத்தனையும் கஞ்சி. அந்த நாலஞ்சு நாளும் மீனம்பாக்கம் ஏர்போர்ட் மூடிக் கிடக்க, தாம்பரத்துலேர்ந்து ஏர்ஃபோர்ஸ் ஹெலிகாப்டர்கள் சாப்பாட்டு மூட்டையோட எங்க தலைக்கு மேல போயிட்டும் வந்துட்டும் இருந்தது. அதுக்கப்புறம் பாய்க்கே விமானத்துமேல ஒரு இது வந்துடுச்சு. "தம்பி, பெரிசா ஒண்ணு செய்யலாம், மூட்டை ஏத்துற வண்டி"ன்னார்.

மூட்டை ஏத்துற வண்டின்னா ஏஎன்-32. 1980-கள்ல ரஷ்யாக்காரன்கிட்ட வாங்கினது, எங்க பக்கத்து வானத்துக்குப் பழக்கமான விமானம். நிஜ ரெக்கை 29 மீட்டர் சொச்சம். எழுபத்திரண்டுல ஒரு பங்குன்னா 40 சென்டிமீட்டர். பாய் கணக்குல ரெண்டு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. எண்ணெய் டின்னோட முகம் ஒரு அடிக்குக் கொஞ்சம்தான் கூட, அதனால ரெக்கையை ரெண்டு துண்டாத்தான் போட முடியும். எங்க தெருவுல ரிட்டயர்டு ஏர்ஃபோர்ஸ் மெக்கானிக் ஒருத்தர் இருந்தார், மாமான்னு கூப்பிடுவோம். அவர் பெருவிரல் நகத்தால என் டயரியில கோடு போட்டுப் போட்டு அளவு சொன்னார். படத்தைப் பாத்துட்டு பாய் கேட்ட முதல் கேள்வி, "எஞ்சினை எதுக்கு தலைமேல தூக்கி வச்சிருக்கான்?"

"விசிறி பெரிசு பாய், தரையில இடிக்கும். மண்ணு கல்லுன்னு கண்ட இடத்துலயும் இறங்கற வண்டி, அதெல்லாம் எஞ்சினுக்குள்ள போகக் கூடாது."

"ஓ, வெள்ளத்துக்கப்புறம் எல்லாரும் மோட்டாருக்கு மேடை கட்டிட்டாங்களே, அப்படி."

2016 ஜூன்ல ஆரம்பிச்சார். ஜூலை நடுவுல உடம்பு முடிஞ்சுது. பால் கேன் மாதிரி உருட்டி, வால் பக்கம் மேல தூக்கி, பின்னாடி சாமான் ஏத்தற கதவு கூட திறந்து மூடற மாதிரி.

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. காலையில ஆபீஸுக்கு பர்மிஷன் போட்டுட்டு பல்லாவரம் சந்தையில இருந்தேன். ஏஎன்-32-க்கு சக்கரம் ஆகும்னு பழைய தையல் மெஷின் பாபின் பொறுக்கிக்கிட்டிருந்தேன். அன்னிக்குக் காலை எட்டரை மணிக்கு தாம்பரத்துலேர்ந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பின ஏஎன்-32, 29 பேரோட, வங்காள விரிகுடாவுக்கு மேல காணாமப் போச்சு. எனக்கு மத்தியானம்தான் தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, ஏர்ஃபோர்ஸ் மாமா அவர் வீட்டுப் படியில உக்காந்திருந்தார். பக்கத்துல போய் நின்னேன். அவர் ஒண்ணும் சொல்லலை. நானும் ஒண்ணும் கேக்கலை. சட்டைப்பையில ஆறு பாபின் இருந்தது.

கப்பலும் விமானமுமா வாரக்கணக்குல தேடினாங்க. செப்டம்பர்ல தேடறதை நிறுத்தி, உயிரோட இருக்க வாய்ப்பில்லைன்னு குடும்பங்களுக்குச் சொன்னாங்க.

அதுக்குள்ள ஒரு நாள் பாய் கடைக்குப் போயிருந்தேன். உடம்பு பலகை மேல இருந்தது. அதுமேல ஒரு துணி போட்டு மூடியிருந்தார். "தம்பி, இத்த என்னா பண்ண?"ன்னார். எனக்கு பதில் தெரியலை. வீட்டுல தங்கமணி, "இருபத்தொம்போது வீட்ல அழுதுட்டிருக்காங்க, இதை நம்ம ஹால்ல வைக்காதீங்க"ன்னு சொல்லியிருந்தா. நியாயம்தான். "இருக்கட்டும் பாய், அப்புறம் பாப்போம்"னேன். அவர் தலையாட்டினார். கொடுத்திருந்த முன்பணம் 200 ரூபா. வேலை அதுக்கு மேல ஆயிருந்தது. நான் அதைப் பத்திப் பேசவே இல்லை.

அதுக்கப்புறம் அந்தப் பக்கம் போகலை. அவ்வளவுதான் கதை, அழகு படுத்தறதுக்கு ஒண்ணுமில்லை. முதல்ல ஒரு மாசம், அப்புறம் சங்கடத்துல ஆறு மாசம், அப்புறம் ஆறு மாசம் ஏன் வரலைன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு ரெண்டு வருஷம். முடிச்சூர் ரோட்டுல போற வேலை இருந்தா வேற வழியா சுத்திப் போயிருக்கேன். அப்புறம் கொரோனா. 2021-ல ரெண்டாவது அலையில பாய் தவறிட்டார்னு எனக்கு எட்டு மாசம் கழிச்சு, டீக்கடையில, யாரோ யார்கிட்டயோ பேசறப்பதான் தெரிஞ்சுது. அப்பவும் போகலை.

2024 ஜனவரி 12. அதுவும் வெள்ளிக்கிழமைதான். கடலடியில விமானத்தோட சிதைவுகளைக் கண்டுபிடிச்சதா செய்தி. சென்னைக் கரையிலேர்ந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்துல, 3400 மீட்டர் ஆழத்துல. ஆளில்லாத நீர்மூழ்கியை அனுப்பிப் படம் எடுத்தது, பள்ளிக்கரணையில இருக்கற தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம். தாம்பரம் - வேளச்சேரி ரோட்டுல தினம் நான் ஆபீஸ் போகும்போது பஸ் ஜன்னல்ல கடந்து போற கேட் அது. தாம்பரத்துலேர்ந்து கிளம்பினதை ஏழரை வருஷம் கழிச்சு அதே ரோட்டுக்காரங்க கண்டுபிடிச்சிருக்காங்க. பஸ்ல நின்னுக்கிட்டு ஃபோன்ல அந்தச் செய்தியைப் படிச்சேன். சேலையூர்ல இறங்கலை. நேரா தாம்பரம் போய், சப்வே தாண்டி, முடிச்சூர் ரோட்டுக்கு நடந்தேன்.

கடை இருந்த இடத்துல மொபைல் ரிப்பேர் கடை. உள்ளே பாயோட பையன். என்னைப் பாத்ததும் "டப்பா ப்ளேன் அண்ணே தானே?"ன்னார். ஓட்டற மாதிரி கேக்கலை, அடையாளத்துக்குத்தான் கேட்டார். பரண்லேர்ந்து ஒரு கோணிப்பையை இறக்கினார். "அத்தா சொல்லியிருந்தாங்க, நீங்க வந்தா குடுக்கச் சொல்லி."

உள்ளே உடம்பு இருந்தது. நான் விட்டுட்டுப் போனப்ப இல்லாத ரெண்டு ரெக்கையும் இருந்தது, ஓரமெல்லாம் கம்பி வச்சு சுருட்டி. எஞ்சின் ரெண்டு, மேடையோட. நாலு நாலு இதழா ரெண்டு விசிறி. வால். ஒவ்வொண்ணையும் செய்தித்தாள்ல தனித்தனியாச் சுத்தி, எண்ணெய் தடவி வச்சிருந்தார். எங்கயும் துரு இல்லை. எதையும் எதோடயும் சேக்கலை. எல்லாம் முடிச்சு, பத்து மட்டும் வைக்காம விட்டிருந்தார்.

"எப்ப செஞ்சார்?"

"தெரியலண்ணே. வேலை இல்லாதப்ப செஞ்சுக்கிட்டேதான் இருப்பாரு. நாங்க ஏதோ பீப்பான்னு நெனச்சோம்."

பணம் எடுத்தேன். வேண்டாம்னார். பக்கெட் அடி கணக்கு சொன்னேன். அதுக்கு மட்டும் சிரிச்சார். மேசையில என் பணத்தை வச்சுட்டு, நீங்களே பத்து வச்சுக் குடுங்களேன், நீங்களும் தினம் அதே வேலைதானேன்னு கேட்டேன். அவர் தன்னோட பென்சில் மாதிரி சால்டரிங் அயர்னைக் காட்டினார். "இது செல்போன் போர்டுக்குண்ணே. இந்தத் தகடு சூட்டை இழுத்துக்கும், ஈயம் ஓடாது. அத்தா இரும்பையெல்லாம் வெள்ளத்துக்கப்புறமே பாதி போட்டாச்சு, மீதி காயலாங்கடைக்குப் போயிடுச்சு."

ரிச்சி ஸ்ட்ரீட் போய் நூறு வாட்ஸ்ல ஒண்ணு வாங்கினேன். ஒரு பழைய எண்ணெய் டின்னை வெட்டிப் பழகினேன். பையன் சொன்னது சரி. ஈயம் உருண்டை உருண்டையா நின்னு பாத்துக்கிட்டே இருக்கு, சந்துக்குள்ள போக மாட்டேங்குது. பாயோட ரெக்கையில என் கையை வைக்க தைரியம் இல்லை.

இப்ப அது அலமாரியில கீழ்த்தட்டுல இருக்கு. உடம்பு நடுவுல, ரெக்கை ரெண்டும் பக்கத்துல படுத்த வாக்குல. வச்சது தங்கமணி. நான் கோணிப்பையோட கட்டிலுக்கு அடியில தள்ளியிருந்தேன். ஒரு நாள் ஆபீஸ்லேர்ந்து வந்து பாத்தா, கிரணையும் புஷ்பக்கையும் மேல நகத்திட்டு இடம் பண்ணியிருந்தா. ஒட்டணுமா, இப்படியே இருக்கட்டுமான்னு கேட்டேன். "அவர் ஏன் ஒட்டாம வச்சார்?"னு திருப்பிக் கேட்டா. எனக்குத் தெரியலை. சாவு வீட்டுச் சாமானை முழுசாக்க வேண்டாம்னு விட்டாரா, நான் வந்து சொல்லட்டும்னு விட்டாரா, இல்லை வெறும் கரி விலை ஏறிப்போச்சா.

பாபின் ஆறும் அந்தக் கதவுக்குள்ள போட்டு வச்சிருக்கேன்.

மக்களே, தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் சுத்துவட்டாரத்துல கரி அடுப்பும் செம்பு மூக்கு இரும்பும் வச்சு இன்னும் குடத்துக்குப் பத்து வைக்கிறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. ஒட்டறதோ வேண்டாமோ அப்புறம். ஆளைப் போய்ப் பாத்து வச்சுக்கறேன், இந்தத் தடவை தள்ளிப்போடாம.